மூன்று விரல்

அன்புள்ள அப்பாவுக்கு மோகனா எழுதுவது. நான் நலம். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு சுகம்தானே?

போன வாரம் எங்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரி முகாமுக்காகக் குமாரபாளையம் வந்திருந்தேன். அங்கிருந்து நம் எடப்பாடிக்கு ஒரு மணி நேரம்தான். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் தறியை நிறுத்திவிட்டு வருவீர்கள். பாக்குக் கறை படிந்த உங்கள் வாயை என்னுடன் படிப்பவர்கள் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டேன்.

முகாமுக்கு ஒரு தறிக்காரர் வந்தார். "வாயை நல்லாத் தொறங்கண்ணா" என்றேன்.

"அவ்ளோதான் வரும் சாமி. போண்டாவைக்கூடப் புது மாப்பிள்ளையாட்டப் பிச்சுப் பிச்சுத்தான் திங்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வாயில் மூன்று விரல் நுழையும்; அவர் வாயில் இரண்டுகூட நுழையவில்லை. பாக்கு மென்று மென்று உள்கன்னம் இறுகிவிட்டது. தீபாவளிக்கு நீங்களும் வடையைப் பிய்த்துப் பிய்த்துத்தான் சாப்பிட்டீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை.

அப்பா, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் சங்ககிரியில் ரயில் ஏறி உடனே என் கல்லூரிக்கு வாருங்கள். நுழைந்தாலும் வாருங்கள். அம்மா இடித்த பருப்புப்பொடி கொஞ்சம் வேண்டும். இங்கே தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

நோயாளிகள் காத்திருக்கிறார்கள், போகிறேன். நீங்கள் வந்தால், இவர் என் அப்பா என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு நானே பார்ப்பேன்.

உங்கள் மகள்,
மோகனா