சுற்றவாளி என்ற சொல் விளங்காமல் அளித்த ஒப்புதல்

அனுப்புபவர்:
செல்வி நா. ஞானாம்பிகை (வயது 14),
இணுவில் மேற்கு,
இணுவில்.

பெறுபவர்:
கனம் நீதவான் அவர்கள்,
நீதவான் நீதிமன்றம்,
வலிகாமம்.

விடயம்: என் தந்தை சிவக்கொழுந்து நாகலிங்கம் 02.03.1983 அன்று அளித்த குற்ற ஒப்புதலை மீளப்பெற அனுமதி கோரல்

கனம் ஐயா,

1. என் தந்தை இணுவிலில் நீரிறைக்கும் இயந்திரங்கள் திருத்துபவர். 01.03.1983 அன்று எங்கள் கடையிலிருந்த ஓர் இயந்திரம் வேறோரிடத்தில் களவுபோனது எனக் கூறி, பொலிசார் அதையும் அவரையும் கொண்டு சென்றனர். மறுநாள் தங்கள் மன்றில் களவுக் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. அம்மாவும் நானும் கடைசி வாங்கில் அமர்ந்திருந்தோம்.

2. எழுதுவினைஞர், "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார். அப்பா கைகட்டி நின்று, "சுற்றவாளி இல்லை ஐயா. விடியக் கடை திறந்தா பொழுதுபடத்தான் பூட்டுறனான்" என்றார். சிலர் சிரித்தனர். "அப்ப மற்றதோ?" என்று மறுபடி கேட்டபோது, "ஓம் ஐயா, மற்றதுதான்" என்றார். அது குற்ற ஒப்புதலாகப் பதியப்பட்டது.

3. சுற்றவாளி என்றால் குற்றமற்றவர் என்பது அன்று எங்கள் மூவருக்கும் தெரியாது. முதல்நாள் பொலிஸ் நிலையத்தில் ஒருவர், "ஊர் சுத்துறவன்தானே நீ" என்று அப்பாவை ஏசியிருக்கிறார். மன்றிலும் அதையே கேட்கிறார்கள் என நினைத்து மறுத்திருக்கிறார். குற்றவாளி என்பது கூண்டில் நிற்பவருக்குரிய பெயர் என எண்ணினாராம். பொலிசார் வழிநெடுக அவரை அப்படித்தான் அழைத்தார்களாம். அவருக்காகப் பேச ஒரு சட்டத்தரணியும் இருக்கவில்லை. கேட்டுப் பெறலாம் என்பதும் அவருக்குத் தெரியாது.

4. பாடசாலை அகராதியில் தேடினேன். சுற்றம் உண்டு, சுற்றாடல் உண்டு, சுற்றவாளி இல்லை. எங்கள் தமிழாசிரியை செல்வி சிசிலியாவும் உறவினரைக் குறிக்கும் சொல்லாக்கும் என்றே முதலில் சொன்னார். பின்னர் ஒரு சட்டத்தரணியிடம் விசாரித்துப் பொருள் கூறினார். தண்டனை விதிக்குமுன் ஒப்புதலை மீளப்பெறத் தங்களிடம் அனுமதி கேட்கலாம் என்பதையும் அவர் மூலமே அறிந்தேன்.

5. அந்த இயந்திரம் 22.02.1983 அன்று, உடுப்பிட்டி என ஊர் சொன்ன பிலிப்பு என்பவர் திருத்தத் தந்தது. கடைக்கு வருபவற்றில் பெயரும் திகதியும் எழுதிய மட்டைத்துண்டு கட்டுவது என் வேலை. பொலிசார் இயந்திரத்தைத் தூக்கியபோது அத்துண்டு அறுந்து வாசலில் விழுந்தது. பிரதியை இணைத்துள்ளேன். மூலத்தை அனுப்பாததை மன்னிக்கவும். தபாலில் தவறினால் அப்பாவுக்கு வேறு சாட்சி இல்லை.

6. வரும் 16ஆம் திகதி தண்டனை விதிக்கப்படவுள்ளது. அதற்கு முன் குற்றச்சாட்டை அப்பாவுக்கு விளங்கும் தமிழில் மீண்டும் வாசிப்பிக்கவும், சட்டத்தரணி ஒருவரை அமர்த்த அவகாசம் தரவும், இத்துண்டை விசாரணையில் ஏற்கவும் வேண்டுகிறேன்.

7. ஞாயிறன்று, அப்பாவை அடைத்து வைத்திருக்கும் விளக்கமறியலில் அவரைச் சந்தித்து அச்சொல்லைப் பலமுறை சொல்லிக்கொடுத்தேன். "உந்தச் சொல் வேண்டாம் பிள்ளை. ரெண்டும் ஒரேமாதிரிக் கேக்குது, பயத்திலை திரும்பவும் மாறிச் சொல்லிப்போடுவன். நான் எடுக்கேல்லை எண்டு சொன்னாக் காணாதோ?" என்று கேட்டார். அது போதுமா எனத் தங்களிடமே கேட்கிறேன். குற்றச்சாட்டு மீண்டும் வாசிக்கப்படும்போது அவர் "நான் எடுக்கேல்லை" என்று மட்டும் சொன்னால், அதைச் சுற்றவாளி என்று எழுதும்படி தயவுசெய்து உத்தரவிடுங்கள், ஐயா.

இணுவில்,
09.03.1983

தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கும்,
நா. ஞானாம்பிகை

இணைப்பு: மட்டைத்துண்டின் கையெழுத்துப் பிரதி ஒன்று