கோபுர ஏணிக்கு ஓர் இடது கை

7-8-89, திங்கள்
மழை. இந்தத் தீவின் மேட்டூரான கியூர்பிப்பில் மூன்றாம் நாளாக வெயில் இல்லை. வேட்டி காயவில்லை.

நேற்று கோபுரச் சாரத்தில் ஏறிப் பார்த்தேன். எட்டாம் படியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். ஆவணிக் கடைசியில் கும்பாபிஷேகம். தலையில் நீர்க் கலசத்தோடு உச்சிவரை ஏற வேண்டும். கோவில் தலைவர் கீழே நின்று பார்த்தார். குடையை மடக்கினார். "ஸ்வாமி, இந்தியா இருந்து சின்ன ஐயர் ஒருத்தர் வரலாம். பா கிரேவ்." பரவாயில்லை என்கிறார். அவருக்குப் பரவாயில்லை.

பதினோரு வருடம் பூஜை செய்த கோவில். உச்சியில் வேறொருவர் நீர் ஊற்ற, நான் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவா? மாட்டேன்.

8-8, செவ்வாய்
ரோலானின் கொட்டகைக்குப் போனேன். மதியம் கடற்கரை ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருபவர், காலையில் இங்கே. எடையெல்லாம் பால்மாவு டப்பாவில் சிமெண்ட் ஊற்றி, இரும்புக் குழாயில் கோத்தது. என் வயிற்றைப் பார்த்தார், சிரிக்கவில்லை. நல்ல மனிதர். சொன்ன அட்டவணை:

திங்., வியா. – எடை. தோப்புக்கரணம் (காதைப் பிடிக்காமல்) 10, தோள் ஒவ்வொரு கையாக 10, முதுகு 10. மூன்று தடவை.
செவ்., சனி – ஓட்டம், 20 நிமிடம். பேச முடிகிற வேகம்.
புதன், ஞாயிறு – ஓய்வு.
வெள்ளி – கோவில் கூட்டம். அதுவே போதும்.

கமலா: "ஏன்னா, பொங்கல்ல நெய்யைக் குறைச்சாலே பாதிப் படி ஏறிடலாமே." பெண்டாட்டி வாய்க்கு எடை தூக்கத் தேவையில்லை.

12-8, சனி
ஊர் மேட்டில் உள்ள அணைந்த எரிமலைப் பள்ளத்தைச் சுற்றி ஓட்டம். பனிமூட்டம். நான் வலமாகச் சுற்றுகிறேன், பழக்கம். ஊரே எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. ஒவ்வொருவராக மூட்டத்திலிருந்து வந்து "போன்ழூர் ஸ்வாமி" சொல்லி மறைகிறார்கள். பள்ளத்துக்குள் மேகம் இறங்கிக் கிடந்தது. ஓடுகிறேனா, தூக்கத்தில் நடக்கிறேனா, தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் கால் இருப்பதே மறந்துபோயிற்று. கீழே ஸ்வெட்டர் ஃபாக்டரி பஸ். பெண்களின் பாட்டு. சந்தோஷமாக இருந்தது, காரணம் இல்லாமல்.

24-8, வியாழன்
வலது தோள் இறுகியிருக்கிறது. கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தேன். வெட்கம்.

இன்று தலையில் தண்ணீர் வாளியோடு கொட்டகை ஏணியில் ஏறச் சொன்னார் ரோலான். வலது கை வாளியில், இடது கை ஏணியில். நான்காம் படியில் இடது கை விட்டுவிட்டது. தொப்பலாக நனைந்தேன்.

"கோஸ் லா, லி பே தொர்மி?" இடது கை தூங்குகிறதா என்கிறார்.

ஒப்புக்கொண்டேன். அவர் பார்க்காதபோதெல்லாம் தோள் பயிற்சி வலது கைக்கு மட்டும். தீர்த்தம், விபூதி, தீபாராதனை எல்லாம் வலது கைதானே. சாமி காரியத்துக்கான பயிற்சியில் இடது கையைச் சேர்க்க மனம் வரவில்லை.

ரோலான் தலையைச் சொறிந்துகொண்டு, கலசத்தை வலது கை பிடிக்கும், உங்களை யார் பிடிப்பது என்று கேட்டார்.

வீட்டில் சொன்னேன். கமலா அரிசி களைந்துகொண்டே, "பதினோரு வருஷமா மணியை எந்தக் கையால அடிச்சேள்?"

மணி. இடது கையால். என்ன மடையன் நான்.

28-8, திங்கள்
இடது மட்டும். சின்ன டப்பா. பத்து எண்ணுவதற்குள் கைலாசம் தெரிந்தது.

7-9, வியாழன்
எடை இல்லை, ரோலான் ஓய்வெடுக்கச் சொன்னார். திங்களன்று கொட்டகை ஏணியில் வாளி சிந்தாமல் மூன்று முறை. ஆனால் அது பன்னிரண்டே படி.

இந்தியா ஐயர் வரவில்லை; லாங் மவுண்டன் கோவிலின் சின்ன ஐயரைத் தலைவர் வரச் சொல்லியிருக்கிறார். "சும்மா, பக்கத்துல நிக்க." பயமாக இருக்கிறது. மத்தியானம் கண்ணயர்ந்தபோது படிகளே வந்தன, மேலே மேலே, முடிவில்லாமல்.

10-9, ஞாயிறு
முடிந்தது.

காலையில் மூட்டம். சின்ன ஐயர் ஏணியடியில், வேட்டியை இறுக்கிக் கட்டித் தயாராக. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கலசம் தலையில், வலது கை அதில். சாரத்துக் குழாய் பனியாய்ச் சில்லிட்டது. இடது கை பிடித்தது, இழுத்தது, பிடித்தது. எட்டாம் படி எப்போது போனது, தெரியாது. பாதிக்குமேல் கீழே யாரும் தெரியவில்லை. நாதஸ்வரம் மட்டும் மேகத்துக்குள்ளிருந்து வந்தது. உலகத்தில் நானும் கோபுரமும்தான்.

ஊற்றினேன். நீர் வெள்ளை மூட்டத்துக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. "அரோகரா" மெதுவாக மேலே வந்தது. அப்புறம் தலைவரின் குரல்:

"ஸ்வாமி! கொரெக்? சரியா இருக்கீங்களா?"

மூச்சு நிறைய இருந்தது. "பா கிரேவ்!" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.