வேகாத மிதகல்

பனமரத்துப்பட்டி,
4-8-1938

மாப்பிள்ளைக்கு,

பத்து வருஷம் வாய் திறக்காமல் இருந்தது போதும்.

கடலில் மிதக்கும் நகரம் கட்ட, நாம் இருவரும் கண்டுபிடித்த மிதகல்லை இங்கிருந்து அனுப்பினோமே, அதில் ஒரு சூளை நிறையக் கல் சரியாக வேகவில்லை. நாளானால் தண்ணீர் குடித்து மூழ்கும். என்னைச் சூளையடியில் நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் அந்த நகரம் கட்டும் கம்பெனிக்கு இன்ஜினீயராகப் போன ஆத்திரத்தில், தெரிந்தே வண்டியேற்றினேன்.

அந்தக் கல் பாவிய தெருவிலேயே நீங்கள் என் தங்கையோடு குடியேறியது பிறகுதான் தெரிந்தது. புயல் என்று பத்திரிகையில் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது.

நேற்று ஆடி நோம்பிக்கு வந்த சௌந்திரம், "எங்க தெருவுல பழைய கல்லையெல்லாம் பேத்துட்டுப் புதுசு வெச்சுட்டாங்கண்ணா" என்றாள். என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்கண்ணா, கல்லுக்கா அழுவறீங்க?"

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் மூச்சு ஒழுங்காக வருகிறது.

கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கப்போகிறேன். கம்பெனிக்குக் காட்டுவதானால், என் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.