அரியலூர் மாவட்டம், கொசோவோ நாடு

எறையூர்
8.6.2025

அன்புள்ள அண்ணா,

நானும் அம்மாவும் வயலில் கரும்பும் நலம். அப்பாவும் நலம்தான்; அவர் கோபமும் அவரோடு நலமாக இருக்கிறது. நீயும் எரா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால் பாதியில் நீ கத்துகிறாய், பாதியில் நான் அழுகிறேன். அதனால்தான் மெயிலில் கடிதம். நீயும் எழுது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை முத்தமிழ்செல்வன், அரியலூர், சிமெண்ட் ஆலையில் வேலை. ஆவணியில் முகூர்த்தம். நிச்சயத்தன்று "பொண்ணுக்கு அண்ணன் எங்க?" என்று கேட்டார்கள். "ஜெர்மனில இருக்கான், லீவு கெடைக்கல"ன்னு அப்பா கூசாமல் சொல்லிவிட்டார். நீ அண்ணியைக் கட்டிக்கொண்டு ஜெர்மனியை விட்டு அவள் ஊருக்குப் போய் மூன்று வருஷமாகிறது. உனக்குக் கல்யாணமானதையும் அவர் சொல்லவில்லை.

முத்தமிழிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "கொசோவோவா? அது எங்கங்க இருக்கு?" என்றார். எனக்கே சரியாகத் தெரியாது அண்ணா. விவரமாக எழுது.

உன் வாயாடி,
தென்றல்


பிரிஷ்டினா
15.6.2025

அன்புத் தங்கச்சி,

வாயாடிக்குக் கல்யாணமா! அந்த முத்தமிழ்செல்வனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எரா செய்தி கேட்டதும் ஓடிப்போய் இனிப்பு வாங்கி வந்தாள்.

மாப்பிள்ளையிடம் சொல். ஐரோப்பாவில், பால்கன் பக்கம், சுற்றிலும் மலை நிற்கிற சின்ன நாடு இது. நம் பெரம்பலூரையும் அரியலூரையும் சேர்த்தால் வருகிற ஜனத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பெரும்பாலும் அல்பேனியர்கள், வடக்கே செர்பியர்கள். போர் நடந்தது, வீடுகள் எரிந்தன. எரா அப்போது கைக்குழந்தை. 2008-இல் தனி நாடு என்று அறிவித்தார்கள். நூறு நாடுகளுக்குமேல் ஏற்றுக்கொண்டன. செர்பியா ஏற்கவில்லை. நம் இந்தியாவும்தான். அதனால் அவளுக்கு நம் ஊர் விசா கிடைப்பதே இழுபறி.

தேசிய கீதத்துக்கு இசை உண்டு, சொல் கிடையாது. எந்த மொழியில் எழுதினாலும் ஒருவருக்கு மனசு நோகும் என்று விட்டுவிட்டார்களாம். காபிக் கடையில் உட்கார்ந்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். விருந்தாளி வந்தால் போதும், வீடே இரண்டுபடும். புரட்டாசி வந்தால் தெருவெல்லாம் சிவப்புக் குடமிளகாய் சுடுகிற வாசனை. அம்மாவுக்குப் பிடிக்கும்.

நான் கல்யாணத்துக்கு வரத்தான் நினைக்கிறேன். பத்திரிகையில் என்ன போடுகிறார்கள் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணன் சுதர்சன்


எறையூர்
29.6.2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து அப்பா கண்ணில் படட்டும் என்று டிவி பக்கத்தில் வைத்தேன். காலையில் தாளைக் காணோம். கிழித்திருப்பார்.

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அடித்து வந்திருக்கிறது, இதோடு படம் வைத்திருக்கிறேன். வரவேற்பவர்கள் பட்டியலில் சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் ஜோடி ஜோடியாக நிற்கிறார்கள். உன் வரியில் 'சுதர்சன், ஜெர்மனி', அவ்வளவுதான். "அண்ணி பேரு எங்கப்பா?"ன்னு கேட்டேன். "அவன் பேரைப் போட்டதே பெருசு. பேசாம போ"ன்னுட்டார்.

எனக்காக வந்துவிடு அண்ணா. நீ இல்லாமல் மணவறையில் எப்படி உட்காருவேன்?

தென்றல்


பிரிஷ்டினா
2.7.2025

அன்புத் தென்றல்,

அந்தப் படத்தை நான் எராவிடம் காட்டவில்லை. அவளே போனில் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தமிழில் தெரிந்தது இரண்டே எழுத்து: எ, ரா. மேலிருந்து கீழே வரைக்கும் விரல் வைத்துத் தேடினாள். பிறகு காபி போடப் போனாள்.

நான் வரவில்லை தங்கச்சி. உன்மேல் துளியும் கோபமில்லை. அவள் பெயர் இல்லாத பந்தலில் நான் மட்டும் நின்று எப்படிக் கும்பிட்டு வரவேற்பது? நீ நன்றாக இரு.

சுதர்சன்


எறையூர்
9.7.2025

அண்ணா, அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை அந்த மாதிரிப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா வீரமுத்து மாமா கண்ணாடி போட்டுப் படித்தார், முகம் சிவந்துவிட்டது. அப்பா என்ன செய்திருந்தார் தெரியுமா? மாப்பிள்ளை விலாசத்தில் 'அரியலூர், பெரம்பலூர் மாவட்டம்'! அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். இந்த மனுஷன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமா கலெக்டர் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா விடுவாரா?

"பதினேழு வருசமா தனி மாவட்டமா இருக்கோம் சம்பந்தி. நீங்க ஒருத்தர் ஒத்துக்கலேன்னா நாங்க இல்லேன்னு ஆயிடுமா?"

அப்பா பத்திரிகையை மடித்து வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த உன் கடிதம்! மடிப்பெல்லாம் நைந்திருந்தது. எத்தனை தடவை படித்தாரோ. மறுபடி படித்துவிட்டு, "அந்தப் புள்ள கைக்குழந்தையா இருக்கறப்பவா வூடெல்லாம் எரிஞ்சுது?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "பேரை எப்புடி எழுதணும்?" என்றார். ரெண்டே எழுத்துப்பா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேராக அச்சகத்துக்குப் போனோம். மாவட்டத்தைத் திருத்தினார். உன் வரியை அவரே பேனாவால் அடித்து எழுதினார். அச்சகத்துக்காரர், "கொசோவோன்னு ஒரு நாடு இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு. எம் மருமவ ஊரு" என்றார் அப்பா.

மாமாவுக்கும் அன்றைக்கே போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டார். விசா வருமோ வராதோ, அண்ணிக்கு ஜாக்கெட் தைக்க அளவு அனுப்பச் சொல்கிறாள் அம்மா.

புதுப் பத்திரிகையின் படம் வைத்திருக்கிறேன். அண்ணியிடம் கொடு. நீ காட்டிக்கொடுக்காதே, அவளே விரல் வைத்துத் தேடட்டும்.

உன் வாயாடி,
தென்றல்