அரிப்பு மாத்திரையும் வண்டிச் சாவியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மா எப்படி இருக்காங்க?

ஒரு விஷயம், திட்டாதீங்க. கிடங்குல குடுத்த யூனிபார்ம் ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிப்பு, ஒரே அரிப்பு. மருந்துக்கடைக்காரர் மாத்திரை குடுத்து, "தூக்கம் வரும், படுக்கப்போறப்ப ஒண்ணு மட்டும் போடு, வண்டி ஓட்டாதே"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார். நான்தான் பெரிய மேதாவியாச்சே! காலையில ரெண்டு போட்டுட்டு சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டியில ஏறினேன். அரிப்பு நின்னுச்சு, கண்ணும் சொருகிடுச்சு. வண்டி பெட்டி அடுக்குல போய் மோதிடுச்சு. பக்கத்துல பெட்டி எண்ணிக்கிட்டிருந்த அக்கா சட்டுனு விலகினதால தப்பிச்சாங்க. அவங்க என்னைத் திட்டவே இல்லப்பா, தண்ணி குடுத்தாங்க. அவங்க முகத்துல முழிக்கவே கூசுது. இப்ப வண்டியைத் தொடுறதில்ல, பெட்டிதான் தூக்குறேன்.

நீங்க லாரி ஓட்டின காலத்துல ஒரு சளி மாத்திரை போட்டாக்கூட சாவியை அம்மா கையில குடுத்துட்டுப் படுத்துடுவீங்க. உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணினவன் நான்.

உள்ள போட்டுக்கப் பருத்தி பனியன் நாலு அனுப்புங்க. அம்மாகிட்ட காரணம் சொல்லவேணாம்.

மணி அடிச்சிடுச்சு, ஓடணும். சாவியை வாங்கி வச்சுக்க இங்க எனக்கு யாரும் இல்லப்பா.

உங்கள் மகன்