கரும்பலகையில் இரண்டு வாக்கியங்கள்

1932, ஆடி 9. இரவு.

இன்னும் கோபம் ஆறவில்லை.

காலையில், வீட்டுத் திண்ணையில் ஜவுளிக்கடைக் குமாஸ்தாக்களுக்கு இங்கிலீஷ் வாக்கியங்களை இணைக்கக் கற்றுக்கொடுத்தேன். கரும்பலகையில் இரண்டு எழுதிப் போட்டேன்: 'போலீஸ் அடித்தது. கூட்டம் கலையவில்லை.' நேற்று சிம்மக்கல்லில் காங்கிரஸ் மறியலின்போது எல்லோரும் கண்ணால் பார்த்ததுதானே! ஒரே குரலில், 'ஆனால்' என்பதற்கான 'பட்' போட்டு இணைத்தார்கள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மத்தியானம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் வந்தார். என்னிடம் படித்தவர்தான்.

"பூனை, எலின்னு எழுதுங்க சார். அந்த 'பட்'டு இன்ஸ்பெக்டர் காதுக்கு வந்திருச்சு. சர்க்கார் பென்ஷன் வாங்குற ஆளு நீங்க."

"உனக்குப் பூனை, எலியத்தான் நடத்துனேன். அதான் இப்படி வந்து நிக்கிற" என்றேன்.

அவர் போனதும் என் மனைவி கேட்டாள்: "அம்புட்டுத் தைரியமா? பென்ஷனை நிறுத்திட்டா அடுப்புல என்னத்த வைப்பீக?"

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

இருந்தாலும் நாளைய வாக்கியங்களை முடிவுசெய்துவிட்டேன்: 'ரைட்டர் மிரட்டினார். வாத்தியார் நிறுத்தவில்லை.'

இணைக்கட்டும். இன்னும் உரக்கச் சொல்லச் சொல்வேன்.