மூடிய கருத்துப்பகுதியில் ஒரு தங்கை

செவ்வாய், இரவு.

எங்கள் செய்தி இணையதளத்தின் வாசகர் கருத்துப்பகுதி இன்று நான்கு மணிக்கு மூடப்பட்டது. ஆசிரியரே தொலைபேசியில் சொன்னார். வசவுகள் தாங்கவில்லையாம்.

அப்போது இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில், ராசம்மா என்ற மூதாட்டி வசிக்கும் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். சிறுவயதில் இந்தியாவுக்குக் கப்பலேறிய அவர் தங்கை, எங்கள் செய்திகளின் கீழே, "எங்க அக்கா ராசம்மா உயிரோட இருக்காங்களா?" என்று மாதக்கணக்காகக் கேட்டுவந்தார். நேரில் பார்த்து உறுதிசெய்யாமல் பதில் எழுதக்கூடாதென்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

"இருக்கேன்னு போடுங்க தம்பி. பல்லுதான் போயிருச்சுன்னும் போடுங்க, அவ சிரிப்பா," என்று நான் கிளம்பும்போது சொல்லியிருந்தார் ராசம்மா. இன்றைக்கே போடுகிறேன் என்றேன்.

தங்கை கருத்துகளில் தன் பெயரை மட்டுமே எழுதியிருந்தார், முகவரி இல்லை. அவருடைய மின்னஞ்சல் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று தொழில்நுட்பக்காரர் வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்வார். அதற்குள் இன்னும் மூன்று செய்திகள் வெளியாகும். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கேட்பதற்கு இடம் தேடுவார்.